ஒரே பக்கத்தில் முப்பத்து நான்கு பேர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் காலைப் பேருந்தில் கட்டுரை நோட்டுத் திருத்துவது அடிவாரம் வரைதான் முடியும். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு சிவப்புப் பேனா வழுக்கி, பிழையே இல்லாத இடத்தில் ஒரு கோட்டை இழுத்துவிடும். சரியாக எழுதியிருந்த சொல்லை அந்தக் கோட்டைப் பார்த்துப் பயந்து மாற்றி எழுதிக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகள் உண்டு. மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கும் எனக்குத் திருத்துதல் என்பது பல ஆண்டுகளாக அப்படித்தான் பழகியிருந்தது. எழுதி முடித்த ஒன்று என் கைக்கு வரும். நான் கோடு போடுவேன். அது திரும்பிப் போகும். அந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் நின்று பேனாவைக் கடித்தது, எதை எழுதிவிட்டு அழித்தது, எதை எழுத நினைத்து விட்டுவிட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கக்கூடும் என்று நான் நினைத்ததும் இல்லை.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பி வர 2021 பிப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பாதிப் படங்களில் எழுத்தை மறைத்துக்கொண்டு ஒரு கட்டைவிரல் இருக்கும்; மீதிப் படங்களில் அடுப்படி இருட்டு. என்னைவிட இளையவரான கணக்கு ஆசிரியர் ஒருவர்தான், "மேடம், கூகுள் டாக்ஸ்ல ஒரே பக்கத்துல எல்லாரும் ஒரே நேரத்துல எழுதலாம், அவங்க எழுத எழுத நீங்க பார்க்கலாம்" என்று தம் கைப்பேசியில் காட்டினார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக மட்டுமே பட்டது. உண்மையில் செய்து பார்த்தது, பள்ளி திறந்து, கணினி ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, தூசி தட்டி, வேலை செய்யும் கணினிகள் எட்டுதான் என்று எண்ணி முடித்த பிறகு.

முதல் நாள் 34 பிள்ளைகள், கணினிக்கு நான்கைந்து பேராக உட்கார்ந்தார்கள். எழுதவேண்டிய தலைப்பு "எங்கள் ஊர் மழை". யாருக்கும் தனிக் கணக்கு கிடையாது என்பதால், இணைப்பு கையில் உள்ள எவரும் திருத்தலாம் என்ற அமைப்பில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அதன் முகவரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த அந்த நீளமான முகவரியைப் பார்த்துத் தட்டி முடிப்பதற்கே பாதி வகுப்பு போய்விட்டது. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது அதே தவற்றைச் செய்யாமல் முகவரியைச் சுருக்கிக்கொள்ளட்டும்.

கணக்கில்லாமல் உள்ளே வருபவருக்கு கூகுள் டாக்ஸ் ஏதாவது ஒரு விலங்கின் பெயரைச் சூட்டிவிடும். திரையின் மேல் ஓரத்தில் வரிசையாக அனானிமஸ் கேபிபாரா, அனானிமஸ் ஆக்சலாட்டல், அனானிமஸ் குவாகா என்று தோன்றியதும் வகுப்பு சிரிப்பில் குலுங்கியது. "தமிழம்மா, குவாகான்னா என்ன?" என்று கேட்டார்கள். எனக்கும் தெரியாது, கைப்பேசியில் தேடிச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் இருந்த ஒரு வரிக்குதிரை வகை. அதன் கடைசி உயிர் 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் செத்துப்போனது. அந்தக் கணினியில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு ஆண்டு முடியும்வரை குவாகா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது. "வணக்கம் தமிழம்மா" என்று ஒருவர், அதன் நடுவில் புகுந்து இதயக் குறி போட்ட இன்னொருவர், மேலிருந்து என்டர் விசையை அழுத்திக்கொண்டே இருந்து எல்லாருடைய வரிகளையும் கீழே தள்ளிய மூன்றாமவர். மழையைப் பற்றி நான்கு வரி சேர்ந்திருந்த நேரத்தில் யாரோ பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார்கள். வெள்ளைத் திரை. எட்டுக் கணினியிலும் ஒரே நேரத்தில் வெள்ளை. சத்தம் அப்படியே நின்றுபோனது. அந்த அமைதியில் இருந்த பயத்தை நான் வேறு எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. ஒரு நோட்டைக் கிழித்தால் ஒருவருடைய எழுத்துதான் போகும், இங்கே எல்லாருடையதும் போயிருந்தது.

கணக்கு ஆசிரியர் ஓடிவந்து பதிப்பு வரலாற்றைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு முந்தைய பக்கத்தை மீட்டுக் கொடுத்தார். அழித்தது யார் என்று நான் அந்த வரலாற்றில் தேடினேன். கணக்கில்லாமல் வந்தவர்கள் அனைவரையும் அது ஒரே பெயரில், பெயரற்றவர்கள் என்று தொகுத்து வைத்திருந்தது. விசாரணைக்குத் தயாராக நின்றிருந்த எனக்கு ஏமாற்றம்தான். இப்போது நினைத்தால் அன்று பெயர் கிடைக்காமல் போனது நல்லதென்று தோன்றுகிறது. கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளை மறுபடி கணினியைத் தொட்டிருக்காது.

அன்று இரவு வீட்டில் என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொரு கேள்வி. எட்டுப் பேர் ஒரே வரியில் ஒரே நொடியில் எழுத்துகளைச் செருகும்போது அவை ஏன் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிப்போவதில்லை? தேடிப் படித்ததில், இதற்கான வழியை 1989-இலேயே எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதி வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கூகுள் 2006-இல் ரைட்லி என்ற எழுதும் செயலியை உருவாக்கிய சிறு நிறுவனத்தை வாங்கியதிலிருந்து தொடங்கிய டாக்ஸ், 2010-இல் அடியோடு திருத்தி எழுதப்பட்ட பின்புதான் இந்த வழியில் எழுத்துக்கு எழுத்து உடனுக்குடன் காட்டத் தொடங்கியது.

அதைத் தமிழில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் "மலை" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு அது ம, ல, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள். ஒரு பெண் அதன் முன்னால் "சேர்வராயன்" என்று சேர்க்கிறாள். அதே நொடியில் ஒரு பையன், மூன்றாம் குறியீட்டுக்குப் பின் "யில்" என்று சேர்க்கிறான். அவளுடைய சேர்க்கை, சொல்லில் பத்தும் இடைவெளி ஒன்றுமாகப் பதினொரு குறியீடுகள். ஆகவே அவனுடைய "மூன்றாம் இடம்" என்பது இப்போது பதினான்காம் இடம் என்று கணினி தானே மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் அவன் சொன்ன மூன்றாம் இடத்திலேயே செருகினால், "சேர்" என்பதன் ரகரத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் "யில்" போய் உட்கார்ந்து, புள்ளி தலைவேறு உடல்வேறாகத் தொங்கும். ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் செய்த மாற்றத்துக்கு ஏற்ப நகர்த்திவைப்பது, இவ்வளவுதான் அதன் சூட்சுமம். நாம் இலக்கண வகுப்பில் ர் என்ற மெய்யோடு அகரம் சேர்ந்து ர ஆகிறது என்று நடத்துகிறோம். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடோ ரகரத்தை முதலில் வைத்துப் புள்ளியைப் பின்னால் ஒட்டுகிறது. மறுநாள் இதைச் சொன்னபோது, எழுத்தியலை அதுவரை கொட்டாவியோடு கேட்டவர்கள் "அப்ப கம்ப்யூட்டர் தப்பா படிச்சிருக்கா அம்மா?" என்று கேட்டார்கள். தப்பில்லை, அது வேறு வழி என்று சொன்னேன். அரை மனதோடுதான் சொன்னேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து வெற்றுப் பக்கத்தைக் கொடுப்பதை நிறுத்தினேன். அட்டவணை ஒன்றைப் போட்டு, குழுவுக்கு ஒரு கட்டம் என்று ஒதுக்கினேன். அடுத்தவர் கட்டத்துக்குள் கால் வைத்தால் எல்லாருக்கும் தெரியும். மணி அடித்ததும் இணைப்பின் அனுமதியைப் பார்க்க மட்டும் என்று மாற்றிவிடுவேன். இதைக் கற்றுக்கொண்டதும் அடிபட்டுத்தான்: இணைப்பு எப்படியோ ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு முகம் தெரியாத எவரோ பிள்ளைகளின் மழைக் கட்டுரைக்குள் புகுந்து மனைப் பிரிவு விளம்பரம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டிலிருந்தும் எழுதட்டும் என்று விட்டபோது இன்னொரு விசித்திரம் நேர்ந்தது. பிள்ளைகளிடம் கைப்பேசி இல்லை. இருப்பது அப்பாவுடையது, அல்லது அண்ணனுடையது. அதில் உள்ள கணக்கின் வழியாக வருவதால், எழுதியவர் பெயராகத் திரையில் தோன்றுவது அப்பாவின் பெயர். காபித் தோட்டத்தில் காவல் வேலை பார்க்கும் ஒருவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், இரவு ஒன்பதரை மணிக்கு "சாரலுக்கும் தூறலுக்கும் உள்ள வேறுபாடு" பற்றி மூன்று வரி எழுதியதாக வரலாறு சொல்லியது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அவரிடம் அதைக் காட்டினேன். தம் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் எழுதலீங்களே டீச்சர்" என்று ஏதோ குற்றத்துக்கு மறுப்புச் சொல்வது போலச் சொன்னார். பிறகு சிரித்தார். சாரல் என்றால் சாய்ந்து வருவது, தூறல் நேராக விழுவது என்று மகனுக்குச் சொன்னது அவர்தானாம். ஆக வரலாறு சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

ஆனால் பிறர் பெயரில் பிள்ளைகள் உலவுவதும், 13 வயதுகூட நிரம்பாத சிலர் வயதைக் கூட்டிப் போட்டுச் சொந்தக் கணக்குத் தொடங்கத் துணிந்ததும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கைரேகை வைத்துக் கூலி வாங்கும் தாயிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டுவதும், அவர் எதற்கென்று கேட்காமல் கையை நீட்டுவதும் ஒப்புதல் ஆகுமா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கூடவே, ஐப்பசி மழையில் இணையம் நாள் கணக்கில் வராது. ஆய்வகத்தில் எட்டுக் கணினியும் எரிந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டுக்கும் சேர்த்து விடையாகக் கிடைத்தது ஈதர்பேட், டாக்ஸ் போலவே பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுத உதவும் ஒரு மென்பொருள். 2008-இல் வந்தது, அடுத்த ஆண்டே கூகுள் அதை வாங்கியது, வாங்கிய கையோடு அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. எவரும் தம் கணினியில் நிறுவிக்கொள்ளலாம், காசு கிடையாது. சேலத்தில் பொறியியல் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், அரசு கொடுத்த தம் விலையில்லா மடிக்கணினியைக் கொண்டுவந்து, அதில் ஈதர்பேடை நிறுவி, ஆய்வகத்தின் உள் வலைப்பின்னலில் இணைத்துக் கொடுத்தார். இப்போது இணையம் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. பிள்ளை தன் பெயரைத் தானே தட்டி, தனக்குப் பிடித்த நிறத்தைத் தேர்ந்துகொள்கிறது. அது எழுதுவதெல்லாம் அந்த நிறப் பின்னணியில் வருகிறது. அட்டவணையும் படமும் ஒட்டும் வசதிகள் டாக்ஸ் அளவுக்கு இல்லைதான். எனக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை; நான் நடத்துவது கட்டுரை.

ஈதர்பேடில் ஒரு நழுவுப் பட்டை உண்டு. அதைத் தொடக்கத்துக்கு இழுத்து ஓடவிட்டால், பக்கம் வெறுமையிலிருந்து மறுபடி எழுதப்படுவதைத் திரைப்படம் போலப் பார்க்கலாம். டாக்ஸின் வரலாறு மாற்றங்களைக் கொத்துக் கொத்தாகத்தான் காட்டும். இது அதைவிட நுணுக்கமாகக் காட்டுகிறது. முதன்முறை அதை ஓடவிட்ட மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காபியைப் பற்றிய பக்கம். ஒரு குழுவின் பத்தி கண் இமைக்கும் நேரத்தில் மொத்தமாக வந்து விழுந்தது: 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று தொடங்கி, ஒரு பிழையும் இல்லாமல். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியது. அதைக் கண்டுபிடிக்க இந்தப் பட்டைகூடத் தேவையில்லை, அந்தத் தமிழே சொல்லிவிடும். அதற்குக் கீழே வேறொரு குழுவின் மஞ்சள் நிறப் பத்தி. "காபி பூ" என்று வந்தது. நின்றது. "காபிப் பூ" என்று ஒரு ப் உள்ளே நுழைந்தது. "வெள்ளையாக இருக்கும்" என்று வந்து, "வெள்ளையாக" அழிந்து, "மல்லிகை மாதிரி" என்று ஆகி, "மாதிரி" அழிந்து "போல" ஆனது. பிறகு நீண்ட இடைவெளி. அதன்பின் ஒரே மூச்சில், "மழை பெய்து எட்டு ஒன்பது நாளில் தோட்டம் முழுவதும் ஒரே இரவில் பூத்துவிடும், வாசனையில் தூக்கம் வராது" என்று வரி ஓடி வந்தது.

பல ஆண்டுகள் வல்லினம் மிகும் இடங்களை நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை தானாகத் திரும்பிப்போய் அந்தப் ப் என்ற ஒற்றை இடுவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். நோட்டில் அது வெறும் "காபிப் பூ". சரி என்று தாண்டிப் போயிருப்பேன்.

இந்த மகிழ்ச்சியில்தான் தவறு செய்தேன். எல்லாம் தெரிகிறது என்றால் அதற்கு மதிப்பெண் போடலாமே என்று தோன்றிவிட்டது. யார் எத்தனை வரி எழுதினார்கள் என்று நிறத்தை வைத்து எண்ணி, பத்துக்கு இத்தனை என்று போட்டேன். அந்த மஞ்சள் பத்திக் குழுவில் நான்கு பேர். பத்தி முழுக்க ஒரே பையனின் நிறம். அவனுக்கு ஒன்பது. அதே குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு மூன்று. மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவள் அவள். அந்தப் பெயரைக் கேட்டதும் பலரும் கேரளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் மலையில் வாழ்வதால் அந்தப் பெயர் பெற்றவர்கள், பேசுவது தமிழ்தான். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வாங்கிய பையன்தான் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, "அம்மா, அது பூராவும் அவ சொன்னதுதான். எனக்கு டைப்பிங் வேகமா வரும்னு நான் அடிச்சேன். வாசனையில தூக்கம் வராதுன்னு அவ ஆயா சொல்லுமாம்" என்றான்.

அந்த நீண்ட இடைவெளி ஞாபகம் வந்தது. திரையில் ஒன்றுமே நடக்காமல் இருந்த அந்த இடத்தில்தான் அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வரலாறு விரலைப் பதிந்துவைத்திருந்தது; வாய் பேசியது அதற்குத் தெரியாது. நான்கைந்து பேருக்கு ஒரு விசைப்பலகை இருக்கும் வகுப்பில் விரலுக்கு மதிப்பெண் போட்டால், வீட்டில் கணினியோ நல்ல கைப்பேசியோ இருந்து தட்டச்சுப் பழகிய பிள்ளைக்குத்தான் ஒவ்வொரு முறையும் போய்ச் சேரும். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பதினான்கு வயதுப் பையனின் நேர்மை தேவைப்பட்டது. மதிப்பெண்களை அடித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சமாதானம் ஆனாளா என்று இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அதன்பிறகு ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு வரிகள் கட்டாயமாயின: சொன்னவர், தட்டியவர். கால் மணிக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். மதிப்பெண்ணுக்காக நழுவுப் பட்டையைத் தொடுவதில்லை என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டேன். பார்ப்பதை அடியோடு விட்டுவிடவில்லை; ஆனால் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்த இடத்தில ஏன் மாத்தின?" என்று கேட்பதற்காகத்தான் ஓடவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து பார்க்கும் ஆசை இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அடுத்தவர் நாட்குறிப்பைப் புரட்டுவது போன்ற ஆசை அது. நானே எழுதும்போது எத்தனை அபத்தமான வரிகளை எழுதி அழிக்கிறேன் என்று எனக்குத் தெரியும். என் தலைமையாசிரியர் அவற்றை ஓடவிட்டுப் பார்ப்பார் என்றால் நான் ஒரு சுற்றறிக்கைகூட எழுத மாட்டேன்.

திருத்தும் முறையும் மாறிவிட்டது. டாக்ஸில் பரிந்துரை என்றொரு முறை உண்டு. நாம் அடித்துத் திருத்துவது வண்ணத்தில் தெரியும், மாணவர் ஏற்கலாம் அல்லது தள்ளலாம். என் சிவப்புப் பேனாவின் மறுபிறவி என்று ஆசையோடுதான் தொடங்கினேன். நடந்தது என்னவென்றால், பிள்ளைகள் வரிசையாக எல்லாவற்றுக்கும் சரி என்ற குறியை அழுத்திவிட்டுப் போனார்கள். ஒரு முறை வேண்டுமென்றே "மழை" என்பதை "மளை" என்று திருத்தி வைத்துப் பார்த்தேன், அதையும் ஏற்றுக்கொண்டார்கள். அன்றோடு பரிந்துரையை விட்டேன். இப்போது ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுகிறேன், கூடியவரை அவர்களையே ஒருவருக்கொருவர் எழுதவைக்கிறேன்.

அப்படி வந்ததுதான் கவாத்துச் சண்டை. பழம் பறித்து முடித்த பிறகு காபிச் செடியைக் கவாத்து எடுப்பார்கள் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ஓரத்தில் ஒரு பையன், "கவாத்து என்றால் போலீஸ்காரர்கள் நடப்பது. செடி எப்படி நடக்கும்?" என்று கேட்டிருந்தான். அவன் சேலத்திலிருந்து அந்த ஆண்டுதான் மேலே வந்தவன்; காவலர் பயிற்சித் திடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். கீழே அவள், "வேண்டாத கிளையை வெட்டுவதும் கவாத்துதான். எங்கள் தோட்டத்துக்கு வந்து பார்" என்று பதில். அதன்கீழ் குவாகாக் குழு, அகராதியைப் பார்த்துவிட்டு, "இரண்டு பொருளும் இருக்கிறது, இருவரும் சமாதானமாகப் போகவும்" என்று தீர்ப்பு. ஒரு சொல் பல பொருள் என்ற பாடத்தை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. கரும்பலகை வகுப்பிலும் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் வாய்திறந்து பதில் சொல்லியிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம். எழுத்தில் அவளுக்கு யோசிக்க ஒரு நிமிடம் கிடைத்தது.

தட்டச்சு வராதவர்களுக்குக் குரல்வழி எழுதுவதையும் முயன்றோம். டாக்ஸில் தமிழில் பேசியே எழுதலாம். ஆய்வக இரைச்சலில் அது நடக்காது என்பதால், இணையம் இருந்த நாட்களில் என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் உள்ள சில்வர் ஓக் மரத்தடிக்குப் போவார்கள். கவாத்து என்று சொன்னால் அது கவர்ந்து என்று எழுதும். "மூட்டம் எறங்குனா எதுத்தாப்ல வர்ற ஆள் தெரியாது" என்று ஒருத்தி சொன்னதை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே எழுதிக்கொண்டது. அந்த வரியை அடுத்த வகுப்பில் எல்லார் முன்னாலும் வைத்து, எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள் என்றேன். "மூடுபனி கவிந்தால் எதிரில் வருபவர் புலப்படமாட்டார்" என்று ஒரு குழு. இலக்கணம் சரிதான், உயிர் போய்விட்டது. "மூட்டம் இறங்கினால் எதிரே வரும் ஆள் தெரியாது" என்று இன்னொரு குழு. எவ்வளவு குறைவாக மாற்றினாலும் எழுத்துத் தமிழ் ஆகிவிடும் என்பதை அந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டியபோது சொல்லாமலே புரிந்தது.

எல்லாப் பாடத்துக்கும் இது ஆகாது. செய்யுள் நடத்தும்போது கணினியை மூடிவைத்துவிடுகிறேன். மனப்பாடத்துக்குக் காதும் வாயும் போதும். வாரத்துக்கு ஒரு பாடவேளைக்கு மேல் ஆய்வகம் கிடைப்பதும் இல்லை. அதிலும் தேர்வு அறிவிக்கப்பட்ட வாரங்களில் இணையவழி மதிப்பீடு என்று யாராவது அறையை எடுத்துக்கொள்வார்கள். மடிக்கணினி கொண்டுவந்த அந்தப் பழைய மாணவர் சேலத்துக்கே திரும்பிப்போன பிறகு ஒருமுறை ஈதர்பேட் திறக்காமல் போய், அவர் கைப்பேசியில் சொல்லச் சொல்ல நான் புரியாத கட்டளைகளைத் தட்டி அதை எழுப்பினேன். அன்று பிள்ளைகள் கைதட்டினார்கள். கம்பராமாயணம் நடத்தி முடித்தபோதுகூட யாரும் தட்டியதில்லை.

அரையாண்டுத் தேர்வு எப்போதும் போலத் தாளும் பேனாவும்தான். அந்த விடைத்தாள்களை நான் பேருந்தில் திருத்துவதில்லை. வீட்டில், சேலம் அஸ்தம்பட்டியின் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு திருத்துகிறேன். இந்த ஆண்டுத் தாள்களில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் பிழையாக எழுதிய சொல்லைப் பிள்ளைகள் பேனாவால் கிறுக்கி, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாதபடி கறுப்புக் கட்டியாக்கிவிடுவார்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையும் என்று சொல்லி வளர்த்ததும் நாங்கள்தான். இப்போது பலர் ஒற்றைக் கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள், கீழே இருக்கும் சொல்லைப் படிக்க முடிகிற மாதிரி. தூக்கம் வராத காபிப் பூவைச் சொன்ன அந்தப் பெண்ணின் தாளில், "மலையில் ஒரு காலை" என்ற கட்டுரையின் முதல் வரியில், மூட்டம் என்று எழுதி ஒரு கோடு. அதன்மேல் மூடுபனி என்று எழுதி அதற்கும் ஒரு கோடு. ஓரத்தில் மறுபடியும் மூட்டம்.

மூன்றையும் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.